மனுவுக்கு வருகிறேன்

அன்பு மகனுக்கு,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. ஒட்டினாலும் உன் கைக்கு வருமுன் சிறை அலுவலகத்தில் ஒருவர் அதைப் பிரித்துப் படிப்பார். விதி அது, அவர் செய்வது அவருடைய கடமை. எப்படியும் பிரிக்கப்படப்போவதை ஒட்டி அனுப்புவது அவருக்கு வேலை கூட்டுவதாகும். எனவே இது திறந்தே வரும் கடிதம், படிக்கிறவர் படிக்கட்டும். உன் வழக்கைப் பற்றி இதில் எதையும் வாதிட மாட்டேன். கங்கைகொண்டானில் வேலை முடிந்து திரும்பிய ஒரு மாலையில் நடந்த அடிதடி; குற்றம் சாட்டப்பட்டவர்களில் நீ ஒருவன்; வழக்கு நீதிமன்றத்தின் முன் இருக்கிறது. அதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை. நான் எழுத வந்தது ஒரு பாயைப் பற்றியும், புதன்கிழமைகளில் நீ என்னைப் பார்க்க வர மறுப்பதைப் பற்றியும்தான்.

பாயிலிருந்து தொடங்குகிறேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்து, காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, தரையின் சில்லிப்பு முதுகில் ஏறுகிறது என்று நீ ஒரு புதன்கிழமை சொன்னாய். புகாராகச் சொல்லவில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். தண்டனை பெற்ற கைதிக்கும் விசாரணைக் கைதிக்கும் வேறுபாடு உண்டு. விசாரணைக் கைதி தன் உடையையும் படுக்கையையும் வீட்டிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை; விதித் தொகுப்பை எடுத்துப் படித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அன்று வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து எங்கள் கல்யாணப் பாயை இறக்கினேன். பத்தமடையில் உன் அம்மாவீட்டார் சொல்லி நெய்வித்தது. நடுவில் அவள் பெயரும் என் பெயரும், சுற்றிலும் சிவப்புப் பட்டுக் கரை. அவள் போன பிறகு அதை விரித்தவர் யாரும் இல்லை. ஒருவர் மட்டும் படுக்கும் வீட்டில் இருவர் பெயர் நெய்த பாயை எங்கே விரிப்பது? கடையில் வேறு பாய் வாங்கியிருக்கலாம். எனக்கு இதைத்தான் கொடுக்கத் தோன்றியது. காரணம் எழுதத் தெரியவில்லை.

சிறை வாயிலில் உடைமைகளைப் பதிந்து வாங்கும் எழுத்தர் ‘பாய் ஒன்று’ என்று எழுதினார். அது போதாது என்றேன். பொருளை அடையாளம் காணும்படி விவரிக்காத பதிவு பதிவே ஆகாது என்பது என் பிழைப்பு. நிலமானால் நான்கெல்லை இல்லாமல் நான் எந்தப் பத்திரத்தையும் பதிந்து கொடுத்ததில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சார் பத்திர ஆபீஸ்ல இருக்கியளோ?”

“ஆமா.”

“அதான கேட்டேன். பாய்க்குக் கெழக்கெல்லை யாரு வீடுன்னும் எழுதணுமா சார்?”

நான் சிரிக்கவில்லை. ‘இரு பெயர்கள் நெய்த பாய், சிவப்புப் பட்டுக் கரை’ என்று எழுதவைத்து, உரியவர் என்ற இடத்தில் உன் முழுப்பெயரை அவர் எழுதும்வரை அங்கேயே நின்றேன். பேருந்தில் திரும்பும்போது எனக்கு நிறைவாக இருந்தது. உலகத்தில் இனி அந்தப் பாயை எவரும் வேறொருவருடையது என்று சொல்ல முடியாது என்று நினைத்தேன். நினைத்தது சரியாகவே இருந்தது. அந்தச் சரியால் உனக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு புதன்கிழமை. வழக்கம்போல் சீட்டை நிரப்பி வாயிலில் நீட்டினேன். காவலர் உன் பெயரைப் பார்த்துவிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“பையனுக்கு மனு கட் சார்.”

“நான் மனு ஒண்ணும் குடுக்கலியே. எந்த மனுவச் சொல்லுதிய? யாரு நிராகரிச்சது?”

எனக்குப் பின்னால் வள்ளியூர் அண்ணாச்சி நின்றிருந்தார். மளிகைக் கடைக்காரர், அவருடைய தம்பி சிறைக்குள் உன் அறைத் தொகுதியில்தான் இருக்கிறான். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“ஏ வே, நீரு எழுதுத மனு இல்ல வே. பாக்குத மனு! ஒம்ம மவனப் பாக்க முடியாதுங்காரு.”

அதுவரை நான் அதை நேர்காணல் என்றே எழுதியும் சொல்லியும் வந்தேன். மற்றவர்கள் ‘மனு’ என்றபோதெல்லாம் கையிலிருக்கும் சீட்டைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணியிருந்தேன். சிறை வாயிலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. மனைவி வந்து பார்ப்பது மனு, தாய் வந்து அழுவது மனு, கண்ணாடியின் இருபுறமும் ஒன்றும் பேசாமல் அமர்ந்துவிட்டு எழுந்து போவதும் மனு. நான் அறிந்த மனுவில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று இருக்கும். அன்று அந்த வாயிலில் எனக்கு மிஞ்சியது எனக்குத் தெரிந்த அந்த எழுத்து மனு ஒன்றுதான்.

நடந்ததை உன் வழக்கறிஞர் வழியாக அறிந்தேன். தொகுதியில் சோதனை நடந்திருக்கிறது. பாயின் பட்டுக் கரையைத் தடவிப் பார்த்து, தையலைப் பிளேடால் கிழித்து, உள்ளிருந்து ஒரு சிம் கார்டை எடுத்திருக்கிறார்கள். பாயைச் சுருட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். நின்ற இடத்திலேயே உனக்கு ஒரு மாதம் மனு கட் என்று சொல்லியிருக்கிறார்கள். குற்றச்சாட்டை எழுதித் தரவில்லை. உன் விளக்கத்தைக் கேட்கவில்லை. எடுத்துப்போன பொருளுக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை. இதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் உன்மேல் ஒரு துளியும் இல்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அமர்ந்து எழுதத் தொடங்கினேன். சிறைக்குள் போகிறவன் நடமாடும் சுதந்திரத்தை இழக்கிறான். தன் பொருளின்மேல் உள்ள உரிமையை இழப்பதில்லை. தடை செய்யப்பட்ட பொருளானால் பறிமுதல் செய்யட்டும், பதிவு செய்து செய்யட்டும். தண்டிக்க வேண்டுமானால் தண்டிக்கட்டும். ஆனால் என்ன குற்றம் என்று முதலில் சொல்ல வேண்டும், அவன் பதிலைக் கேட்க வேண்டும், கேட்டதை எழுதிவைக்க வேண்டும், கடுமையான தண்டனையானால் நீதிபதியின் பார்வைக்கு அது போக வேண்டும். சிறைச் சுவர் உயரமானது என்பதால் அதற்கு உள்ளே நடப்பது சட்டத்துக்கு வெளியே போய்விடாது. இப்படி எழுதினேன். சிறைக் கண்காணிப்பாளருக்கும், மாவட்ட நீதிபதிக்கும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் தனித்தனிப் படிகள். ‘என் மகனை ஒரு வார்த்தை கேட்காமல் தண்டித்துள்ளனர்’ என்ற வரியின் கீழ் அடிக்கோடு போட்டேன். மகனே, உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை: உன் அம்மா போன பிறகு அந்த மேசையில் எனக்கு அவ்வளவு துணையாக எதுவும் இருந்ததில்லை. ஒருவருக்கு மட்டும் சொதி வைக்க முடியாது. ஒரு தேங்காய்ப் பால் இருவருக்காவது வரும். மிஞ்சியதை மறுநாள் கொட்டுவேன். மனு எழுதிய அந்த நாட்களில் என்ன சாப்பிட்டேன் என்பதே எனக்கு நினைவில் இல்லை. உனக்காக எழுதுகிறேன் என்று நினைத்தேன். பெரும்பகுதி அது உண்மைதான்.

மனு பலித்தது. ஆய்வுக்கு வந்த நீதிபதி அதைப் பற்றிக் கேட்டார். மனு கட் நிறுத்திவைக்கப்பட்டது. முறைப்படி விசாரணை நடத்த உத்தரவாயிற்று. உனக்குக் குற்றச்சாட்டு எழுத்தில் வந்தது. பாய் யாருடையது என்பதே முதல் கேள்வி. அதற்கு விசாரணை வேண்டியிருக்கவில்லை. இரு பெயர்களும் சிவப்புக் கரையும் உரியவர் பெயருமாக நான் முன்பே பதிந்து வைத்திருந்தேன். ‘பாய் ஒன்று’ என்று மட்டும் அந்த எழுத்தர் எழுதியிருந்தால் அது தொகுதியில் கிடந்த ஏதோ ஒரு பாயாக இருந்திருக்கும். அடுத்த கேள்வி, சிம் கார்டு யாருடையது என்பது. என்னுடையது என்று நீ சொன்னாய். அது பதிவாகிவிட்டது. உன் ஜாமீன் விண்ணப்பம் வந்தபோது அரசுத் தரப்பு அதை எடுத்துக் காட்டியது; விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று. நின்ற இடத்தில் வாயால் சொன்ன தண்டனை ஒரு மாதத்தில் காற்றோடு போயிருக்கும். நான் கேட்டு வாங்கிய விசாரணை காகிதத்தில் நிற்கிறது.

இதைப் படிக்கும் அலுவலர் ஐயாவுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். என் மகன் தன் விளக்கத்தைச் சொல்லிவிட்டான். அதற்கு மாறான எதையும் நான் இங்கே எழுதவில்லை. இனி எழுதப்போவது ஒரு சைக்கிளைப் பற்றியது.

நீ பள்ளியில் படிக்கும்போது வாங்கிக் கொடுத்த புதுச் சைக்கிள் ஒரு நாள் முன்சக்கரம் வளைந்து வீடு வந்தது. உன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. யார் ஓட்டியது என்று கேட்டேன். “நாந்தான்” என்றாய். எங்கே விழுந்தாய், எந்தப் பக்கம் விழுந்தாய், விழுந்தவனுக்கு முழங்கை ஏன் சிராய்க்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் “நாந்தான்” என்பதையே திருப்பிச் சொன்னாய். உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்த உன் அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

“அவன் சொல்லமாட்டான். ஒங்க கோர்ட்ட எடுத்து வச்சிட்டு, அவனச் சாப்பிடக் கூப்பிடுங்க. தோச ஆறுது.”

“யாருன்னு தெரியாம எப்படி விடுதது?”

“தெரிஞ்சு என்ன செய்யப் போறிய? சக்கரத்தப் பத்திரம் எழுதியா வாங்கப் போறிய?”

நீ சிரித்துவிட்டாய். எனக்குக் கோபம் தணியவில்லை. உண்மையை விட்டுக்கொடுப்பது உன்னைக் கெடுக்கும் என்று அவளிடம் வாதாடினேன். அவள் உன் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள். அன்று அவள் செய்தது சரி, நான் செய்தது தவறு என்று எழுதப்போவதில்லை. யார் ஓட்டியது என்று கேட்பது ஒரு தகப்பனுக்கு அடாத செயல் அல்ல. ஆனால் உன்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒன்று எனக்கும் அன்றே தெரிந்திருக்க வேண்டும். விசாரணை என்று வந்தால் நீ என்ன சொல்வாய் என்பதை அவள் சொல்லியிருப்பாள். விசாரணை கேட்கும் முன் நான் அதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக நீ மனுவுக்கு வந்த புதன்கிழமை எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. ஜாமீன் தள்ளுபடி ஆன பின் வந்த முதல் புதன். நீ மெலிந்திருந்தாய். எடுத்த எடுப்பில் நான், சிறை விசாரணையின் முடிவுக்கு எதிராக மேல்முறையீடு என்று தொடங்கினேன்.

“ஒரு மாசம்னு சொன்னாவ. அது பாட்டுக்கு முடிஞ்சிருக்கும்ப்பா” என்றாய்.

“முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?”

“முறை சரிதான். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?”

“ஒன்னக் கேக்காமத் தண்டிச்சாங்கன்னுதானடே எழுதுனேன்!”

“அதத்தான் சொல்லுதேன்.”

எனக்குப் புரியவில்லை. உன்னைப் பார்க்கவே விடாதபோது எப்படிக் கேட்பது என்றேன். வக்கீலிடம் ஒரு வரி சொல்லி அனுப்பியிருக்கலாமே என்றாய். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது: காலம் தாழ்த்தினால் ஆட்சேபம் வலுவிழக்கும். சட்டைப்பையிலிருந்து மேல்முறையீட்டின் வரைவை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்தேன், நீ படிப்பதற்காக. நீ அதைப் படிக்கவில்லை. காகிதத்துக்கு மேலே என் முகம் தெரிந்த இடத்தைப் பார்த்தாய்.

“மனுவுக்கு வந்தா மனுவுக்கு வாங்கப்பா. இன்னொரு மனுவத் தூக்கிட்டு வராதிய.”

தொலைபேசியைப் பைய வைத்துவிட்டு எழுந்து போனாய். நேரம் இன்னும் மீதமிருந்தது. அது முடியும்வரை நான் அங்கேயே அமர்ந்திருந்தேன். அப்படி அமர்ந்திருப்பதைத் தடுக்கும் விதி இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு புதனும் சீட்டு உள்ளே போகிறது, காவலர் திரும்பி வருகிறார். “வரமாட்டேங்கான் சார்.” கைதியை அவன் விருப்பத்துக்கு மாறாக யாருக்கும் காட்டக் கூடாது. அது உன் உரிமை. வேறு எவராவது அதை மீறி உன்னை இழுத்து வந்து நிறுத்தினால் அதற்கு எதிராகவும் நான் எழுதியிருப்பேன். அந்த உரிமை என் பக்கம் திரும்பி நிற்கும்போதும் அதை மதிக்கிறேன். மதித்துவிட்டு, காத்திருப்போர் கொட்டகையில் அமர்ந்திருக்கிறேன். அங்கே எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. பாய் வழக்குப் போட்டவன் என்பதால் வள்ளியூர் அண்ணாச்சி வைத்தது: ‘பாய்க்காரர்’. அது நாளடைவில் சுருங்கி ‘பாய்’ ஆகிவிட்டது. போன வாரம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த ஒரு பெண், வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறவள், கணவனைப் பார்க்க முதன்முறையாக வந்தவள், என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

“எல்லாரும் பாய் பாய்ங்காவ. நெத்தி நெறய துன்னூறுல்லா பூசியிருக்கிய?”

“அவரு படுக்குத பாய், தாயீ” என்றார் அண்ணாச்சி. கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது, சிரித்ததைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அதே அண்ணாச்சி ஒரு நாள் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்து என் கையில் திணித்தார். சமையல்கூட வரிசையில் நடந்த சண்டை ஒன்றில் அவர் தம்பியின் பெயரும் அடிபட்டிருக்கிறது. உன் விசாரணைக்குப் பிறகு, உங்கள் தொகுதியில் எவரைத் தண்டிப்பதானாலும் முதலில் குற்றச்சாட்டை எழுதித் தருகிறார்களாம். அவனுக்கும் தந்திருக்கிறார்கள். தான் அங்கே இல்லவே இல்லை என்று அவன் பதில் எழுதியிருக்கிறான், உடனிருந்தவர்களைக் கேட்டிருக்கிறார்கள், தண்டனை இல்லை என்றாயிற்று.

“ஒம்ம மனுவால எந்தம்பி தப்பிச்சான் வே. ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதியும். அந்தப் பேனாவ ஒருநா வீட்ல வச்சிட்டு வாரும்.”

ஆகவே, விசாரணை கேட்டது தவறு என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். உன்னிடம் சமாதானம் பேசுவதற்காக அதைச் சொன்னால் அது பொய்யாகும். நீ அங்கே இருக்கும்வரை எதையாவது உன்னிடமிருந்து எடுத்தால் சீட்டுக் கேள். படிக்காமல் கையெழுத்துப் போடாதே. உன்மேல் ஒன்று சொல்லப்பட்டால் எழுத்தில் தரச் சொல். கேட்பது திமிர் ஆகாது. பதில் சொல்வதா, பேசாதிருப்பதா, எதைத் தோளில் போட்டுக்கொள்வது என்பதை நீ முடிவு செய். அந்த முடிவு உன்னுடையது என்பதும் முறையின் ஒரு பகுதிதான். அந்தப் பகுதியை நான் படிக்காமல் தாண்டிப்போனேன். உன்னைக் கேளாமல் தண்டித்தார்கள் என்று அடிக்கோடிட்டு எழுதினேன். எழுதுகிறேன் என்பதை உன்னைக் கேளாமல்தான் எழுதினேன்.

இனி பாய். விசாரணை முடிந்துவிட்டதால் பாயைத் திருப்பித் தரலாம் என்று உத்தரவாகியிருக்கிறது. தொகுதிக்குள் அது மீண்டும் வர அனுமதி இல்லை. வீட்டாரிடம் ஒப்படைக்க நீ கையெழுத்திட வேண்டும். நீ இன்னும் இடவில்லை என்று எழுத்தர் சொன்னார். கரை கிழிந்த நிலையில் உடைமை அறையில் சுருட்டி வைத்திருக்கிறார்களாம். அவர் நல்ல மனிதர். எனக்கு ஒரு வழியும் சொன்னார்.

“ஒங்க பேருதான சார் அதுல நெய்திருக்கு. என்னுதுன்னு ஒரு மனு எழுதிக் குடுங்க, இன்னிக்கே தூக்கிட்டுப் போங்க.”

கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பேனாவைத் தொட்டேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். பெயர் எழுதியிருப்பது உரிமை ஆகாது. கொடுத்தபோது அது என்னைவிட்டு உன்னிடம் வந்துவிட்டது, உரியவர் நீ, நானே நின்று எழுதவைத்தது. கையெழுத்திட்டால் வாங்கிவந்து பரணில் வைக்கிறேன். வேண்டாம், அங்கேயே கிடக்கட்டும், வெளியே வரும்போது நானே வாங்கிக்கொள்கிறேன் என்றால் அப்படியே இருக்கட்டும். கிழிந்த கரையைத் தைக்கலாமா என்பதையும் நீ சொன்னால்தான் செய்வேன். இதை முதலில் உன்னிடம் கேட்கிறேன். வேறு யாரிடமும் கேட்கவில்லை.

மேல்முறையீட்டின் வரைவு மேசையில் இருக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறேன். உன் சொல் வராமல் அது உறைக்குள் போகாது. தாக்கல் செய்யக் கெடு ஒன்று இருக்கிறது. அது கடந்து போனாலும் போகட்டும். இந்த வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உன் அம்மா இருந்தால் உனக்குச் சொல்லியிருப்பாள்.

வரும் புதன்கிழமை முதல் பேருந்தில் புறப்படுவேன். சந்திப்பு நேரத்தில் பேச என்னிடம் ஒன்றும் தயாராக இல்லை. ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறது, அதைச் சொல்லலாம். எனக்கு ‘பாய்’ என்று பெயர் வைத்திருப்பதைச் சொல்லலாம், நீ சிரிப்பாய். நீ வராவிட்டால் கொட்டகையில் இருப்பேன். வாயிலில் தரும் சீட்டில், வந்த நோக்கம் என்ற இடத்தில் இதுவரை ‘நேர்காணல்’ என்று எழுதிவந்தேன். இந்த முறை ‘மனு’ என்று எழுதுவேன். அதை எழுத யாரிடமாவது பேனா இரவல் வாங்க வேண்டும். என்னுடையதை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.

அப்பா